சிஞ்ஞோராவின் தொப்பிச் சின்னம்

சிஞ்ஞோராவின் தலைமாட்டில், மாதா படத்துக்குப் பக்கத்தில், ஒரு பித்தளைச் சின்னம் இருந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் தொப்பியில் குத்துவது. ஊதுகொம்பு ஒன்று, அதன்மேல் ஒரு கிரீடம். இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் அந்த வீட்டம்மாவுக்குச் சமைத்தேன், வீடு துடைத்தேன், அவரைக் குளிப்பாட்டினேன். அந்தச் சின்னத்தைத் தொட மட்டும் எனக்கு அனுமதியில்லை. அவரே துணியால் தேய்ப்பார். "பப்பாவுடையது" என்பார். இரண்டாம் உலக யுத்தத்தில் சிசிலிக்கு வந்த சிப்பாய் ஒருவன் அவருடைய தாயிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போய், இவர் பிறக்கும் முன்பே செத்துப்போனானாம். இவருடைய கலியாண நாளன்றுதான் தாய் இதை இவர் கையில் கொடுத்திருக்கிறார். அந்தச் சிப்பாயின் பெயரைச் சொல்லவேயில்லை. எண்பதை நெருங்கும்போது சிஞ்ஞோராவுக்கு ஒரே ஆசை: எந்தப் படைப்பிரிவென்று தெரிந்தால் கல்லறையைத் தேடலாம், கண்மூடுமுன் ஒரு பூ வைக்கலாம்.

லண்டனில் இருக்கும் என் தம்பிக்குத் தொப்பிச் சின்னங்கள் என்றால் பைத்தியம். ஞாயிற்றுச் சந்தைகளில் பொறுக்கி வந்து வீட்டை நிறைத்து, மனைவியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பவன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "அக்கா, கிரீடத்தைக் கிட்டவா எடுத்து அனுப்பு. அதிலைதான் காலம் தெரியும்" என்றான். சிஞ்ஞோராவிடம் போய், "கொறோனா வேணும்" என்று கேட்டேன். இத்தாலியனில் கிரீடத்துக்கும் அதுதான் பெயர், செபமாலைக்கும் அதுதான். அவர் தலையணைக்குக் கீழிருந்து செபமாலையை எடுத்துத் தந்து, "எனக்காகவும் சொல்லு" என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் கிரீடத்தைப் படம் எடுத்தேன்.

தம்பி உடனே போன் எடுத்தான்.

"கிரீடத்தின்ரை மேல்பக்கம் நடுவிலை பள்ளமா இருக்கெல்லோ? யுத்த நேரம் ராசாவின்ரை கிரீடம், மேடா வளைஞ்சிருக்கும். இது போன வருஷம் செத்த ராணியின்ரை. யுத்தம் முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகு செய்தது."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம் அக்கா. இதை யுத்தத்திலை ஒருத்தரும் போட்டிருக்கேலாது."

அப்படியென்றால் இது யார் கொடுத்தது? தகப்பனில்லாத பிள்ளைக்கு ஒரு தகப்பன் வேண்டுமே என்று தாய் பழைய சாமான் சந்தையில் வாங்கினாரா? சொல்வதா விடுவதா என்ற குழப்பத்தில் மீனைக் கருக்கினேன், சோஸில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். யாரோ ஒருவனுடைய கல்லறையில் இந்த மனுசி அழுதுவிட்டு வருவாரே என்ற பயம்தான் கடைசியில் என் வாயைத் திறக்க வைத்தது.

அழுவார் என்று நினைத்துத் தண்ணீரோடு போனேன். அழவில்லை. அந்த ராணி எப்போது முடிசூடியது என்று கேட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று என்றேன். விரல்களை மடித்துப் பார்த்தார். "அப்போது எனக்கு ஒன்பது வயது, கோயிலில் முதல் நன்மை வாங்கிய பிள்ளை" என்றார். முகம் அப்படியே மலர்ந்தது. "அப்படியென்றால் அவர் சாகவில்லை! திரும்பி வந்து கொடுத்திருக்கிறார்!" தாய் சந்தையில் வாங்கியிருக்கலாம் என்று சொல்ல வந்தவள், தண்ணீரை நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வாடியது. "நான் வீட்டில்தான் இருந்திருப்பேன். ஏன் என்னைக் கூப்பிடவில்லை?"

அவருக்கு ஒரு தகப்பனைக் கொடுத்தேனா, இருந்தவரையும் பறித்தேனா என்று இன்றுவரை விளங்கவில்லை. செத்தவருக்காக ஆயுள் முழுக்கச் செபித்தவர், அன்றிலிருந்து உயிரோடிருந்தவருடன் கோபித்துக்கொண்டார். துணியை எடுத்ததேயில்லை. சின்னம் கறுத்துப்போனது.

இப்போது அது பலெர்மோவின் ஓரத்தில், பிரான்காச்சோவில், என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. சிஞ்ஞோராவின் கடைசிக் கிழமையில், சவப்பெட்டிக்குள் அவரோடு வைக்கட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

"வேண்டாம். நீயே வைத்திரு. பப்பாவுக்கு வேண்டுமென்றால் அங்கே வந்து என்னைக் கேட்கட்டும்."