வீட்டுல கேளு

வெல்டர் வாழ்நாளில் யாரிடமும் யோசனை கேட்ட மனிதர் இல்லை. இரும்பு ஒட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சூட்டைக் கூட்டுவார், அவ்வளவுதான். காய்ச்சல் என்று படுத்த மனைவி எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தாள். வலிப்பு நோயுள்ள நாலு வயது மகளும் அவருமாக மிஞ்சினார்கள். பிள்ளையோ மருந்தைக் குடித்த கையோடு கக்கினாள். மருந்து தங்காவிட்டால் வலிப்பு வரும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிக் கேட்டார். விடிந்தால் பூப்படம், பொழுது சாய்ந்தால் அரசியல் என்று ஓயாத குழு அது. அத்தனை பேரும் ஆம்பளைகள். ஒருத்தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். இன்னொருத்தன் எழுதினான்: "வீட்டுல கேளுப்பா."

எழுதியவன் வெல்டர் மனைவியின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். கெட்ட எண்ணமில்லை, பழக்கதோஷம். பிள்ளை விஷயம் என்றால் பெண்டாட்டியைக் கேட்டுத்தானே எந்த ஆம்பளைக்கும் பழக்கம்! வெல்டருக்குக் கோபம்கூட வரவில்லை. அலமாரியைத் திறந்து அவளுடைய போனை எடுத்தார்.

அதில் வலிப்புள்ள பிள்ளைகளின் தாய்மார் குழு ஒன்று இருந்தது. அம்மாக்களுக்கு மட்டும் என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். அவர் அவளாகவே எழுதினார்: "பாப்பா மருந்தைக் கக்குறா. என்ன செய்ய?"

மளமளவென்று பதில்கள் வந்தன. மறுபடி கொடுக்கலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேள், கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, நிமிர்த்தி உட்காரவை. ஒருத்தி மட்டும், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டிருந்தாள். வெல்டர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் செத்தவள் பெயரில் பிள்ளை வளர்த்தார். மருந்து தங்கியது, பிள்ளை முகம் தெளிந்தது. அப்போதுதான் குழுவை நடத்தும் டீச்சர் ஒரு குண்டைப் போட்டாள்: "ஞாயித்துக்கிழமை எல்லாரும் குரல்ல பேசுங்க. எழுதி எழுதி சலிச்சுப்போச்சு."

வெல்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பேசினால் வெளியே தள்ளுவார்கள், அப்புறம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் எத்தனை நாள் ஓடும்? ஞாயிறன்று மகளை மடியில் வைத்துக்கொண்டு போனில் பேசி அனுப்பினார்.

"நான் பாப்பாவோட அப்பாங்க. அவ அம்மா இறந்துட்டா. இத்தனை நாளும் எழுதினது நான்தான். பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறா, அதுக்கு என்ன பண்ணணும்?"

டீச்சரும் குரலிலேயே பதில் அனுப்பினாள்.

"தம்பி, எங்களுக்கு முதல் நாளே சந்தேகம்தான். எங்க புள்ளைங்களை விசாரிக்காம உங்க சம்சாரம் ஒரு வரி எழுதினதில்ல. நீங்க ஒரு நாளும் விசாரிக்கல. உயிரோட இருந்தா அவ அந்தப் போனை யார் கையிலயும் குடுத்திருக்க மாட்டா. நாங்க தனித்தனியா அழுது தீர்த்துட்டோம். நீங்களா வாயைத் திறக்கணும்னுதான் குரல்ல பேசச் சொன்னேன். யாரும் உங்களை அனுப்பப் போறதில்ல."

பிறகு பல் கடிப்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள்.

போனைக் கீழே வைத்த வெல்டர் மறுபடி எடுத்தார்.

"டீச்சரம்மா, உங்களுக்குப் பையனா, பொண்ணா? இப்ப எப்படி இருக்கு?"