பிஸ்டோவில் கத்தரிக்காய் உண்டா?

போன ஞாயிறு எங்கள் வீட்டுக்குச் சம்பந்திகள் வந்திருந்தார்கள். இல்லை... இன்னும் சம்பந்தி ஆகவில்லை. ஆகலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் ஸ்பெயினிலிருந்து எங்கள் ஊரான மான்மவுத் ஜங்ஷன் வரை வந்திருந்தார்கள்!

மகள் கயல் காதலிப்பது பாப்லோவை. ஜெர்சி சிட்டியில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். "அப்பா, அவங்க அம்மா ஓகே சொன்னாதான் டேட் ஃபிக்ஸ் பண்ணுவோம். ப்ளீஸ், எதையாவது சொதப்பிடாதீங்க" என்றாள்.

சொதப்புவேனா? ஞாயிற்றுக்கிழமை சமையல் என் இலாகா. அவர்கள் ஊர்ச் சாப்பாட்டையே போட்டு அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன். பிஸ்டோ! தக்காளி, வெங்காயம், குடைமிளகாயை ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்கிச் செய்கிற காய்கறிக் கூட்டு. இதில் என்ன கஷ்டம்?

ரெசிபி தேடினேன். அங்கேதான் வந்தது வினை. சுக்கினி கட்டாயம் என்கிறார் ஒருத்தர். கத்தரிக்காய் இல்லாவிட்டால் அது பிஸ்டோவே இல்லை என்கிறார் இன்னொருத்தர். மேலே முட்டையைப் பொரித்து வை என்கிறது ஓர் ஊர். உள்ளேயே அடித்துக் கலக்கு என்கிறது வேறோர் ஊர். உருளைக்கிழங்கு உண்டா, இல்லையா? ஐயோ, தலை கிறுகிறுத்துவிட்டது.

பாப்லோவுக்கு போன் போட்டேன். "எனிதிங் இஸ் ஃபைன், அங்கிள்" என்றான். இப்படிச் சொல்கிறவர்களை நம்பவே கூடாது.

எதற்கும் இருக்கட்டும் என்று சுக்கினி, கத்தரிக்காய் இரண்டையும் போட்டுவிட்டேன்.

பாப்லோவின் அம்மா ஒரு வாய் எடுத்தார். நிறுத்தினார். கத்தரிக்காய்த் துண்டை ஃபோர்க்கில் குத்தித் தூக்கி, கணவரிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். அவர் ஏதோ சொன்னார். அம்மாள் குரல் உயர்ந்தது. அவர் மேஜையைத் தட்டினார். கயல் முகம் வெளுத்துவிட்டது. ஒரு கத்தரிக்காயாலா என் பெண்ணின் கல்யாணம் நிற்க வேண்டும்?

பாப்லோ மட்டும் அசராமல் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினான். அம்மா லா மாஞ்சா பக்கம். அவர்கள் வீட்டுப் பிஸ்டோவில் கத்தரிக்காய் கிடையாது. அப்பா முர்சியாக்காரர். கத்தரிக்காய் இல்லாமல் தொடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற சண்டையாம். இப்போது நானும் அப்பா கட்சியில் சேர்ந்துவிட்டேனாம் — அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை!

பேச்சை மாற்றவோ என்னவோ, அந்த அம்மாள் பக்கத்துக் கிண்ணத்தைக் காட்டி, சாம்பார் எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்டார். தேங்காய் அரைத்து விடவேண்டும் என்றேன். நான் கோயம்புத்தூர்.

"சாம்பார்ல யாராச்சும் தேங்காய அரைச்சு ஊத்துவாங்களா?" என்று பாய்ந்தாள் என் மனைவி சுமதி. அவள் மதுரை. "அது நான் வச்ச சாம்பார். நீங்க சும்மா இருங்க!"

"உங்க வீட்டுல வைக்கிறது சாம்பாரா? பருப்புத் தண்ணி!"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் விடுவாளா? பிடித்துக்கொண்டாள். ஸ்பெயின்காரர்கள் இருவரும் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சரியான பிஸ்டோ எது? எனக்கு இன்னும் தெரியவில்லை. சுமதியோடு உட்கார்ந்து யோசிக்கலாம் என்றால், அவள் என்னோடு பேசுவதாக இல்லை.

நேற்று கயல்தான் போன் பண்ணினாள். "அப்பா, டேட் ஃபிக்ஸ் பண்ணியாச்சு. ஒரே ஒரு கண்டிஷன் — ஃபுட் கேட்டரிங். நீங்க நாலு பேரும் கிச்சன் பக்கமே வரக்கூடாது!"