கையை விடும் ரோலர்

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் அப்பா அந்த ரோலரைச் செய்யத் தொடங்கினார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் பைபாஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எங்கள் வீடு. ஷூ கம்பெனிகளுக்கு வேண்டிய அட்டைப்பெட்டிகளில் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ்ஸில்தான் அப்பா, அம்மா இருவருக்கும் வேலை. அப்பா மெஷினை ஓட்டுவார். நின்றுபோனால் பிரித்து மாட்டுவதும் அவர்தான். அம்மா எதிர்ப்பக்கம் நின்று ஒவ்வொரு அட்டையாக உள்ளே தள்ளுவாள். வேலைக்கு நடுவே மெஷின் சத்தத்தை மீறி இருவரும் கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள். அதனால் வீட்டிலும் அவர்கள் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மெஷினில் இரண்டு இரும்பு ரோலர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றும். மேல் ரோலரில் எழுத்து வெட்டிய ரப்பர் ஒட்டியிருக்கும், அதில்தான் மை. கீழ் ரோலருக்கு ஒரே வேலை, அட்டையைத் தூக்கி மேலே அழுத்திப் பிடிப்பது. இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டை நுழையும் அளவுக்குத்தான் இடம்.

ஒருநாள் அட்டை ஒன்று உள்ளே மடங்கிச் சிக்கிக்கொண்டது. அப்பா மெஷினை நிறுத்தினார். அம்மா கையை உள்ளே விட்டு அதை உருவிக்கொண்டிருந்தாள். மெஷின் மறைத்ததில் அப்பாவுக்கு அவள் தெரியவில்லை. “போடு” என்று யாரோ சொல்வது அவர் காதில் விழுந்தது. வாசலில் லாரியில் அட்டைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த ஆள் இன்னோர் ஆளிடம் சொன்னது அது. அப்பா பட்டனை அழுத்திவிட்டார்.

இதைப் பல வருஷம் கழித்துத்தான் அம்மாவின் அண்ணன், என் மாமா, எனக்குச் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின் அம்மா கையைப் பிடித்துவிட்டது என்பதுதான். தெரு நாய் பிடிப்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அதைச் சீண்டியிருப்பாள் என்றும் ஒரு சந்தேகம் இருந்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கையை எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பார்ப்பதற்குக் கை கையாகத்தான் இருந்தது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை, எதையும் பிடிக்கவும் இல்லை. என் தலையை அப்பா பின்னிவிட ஆரம்பித்தார். கட்டுக்குக் கயிறு இறுக்குவதுபோல இறுக்குவார். கண்ணிரண்டும் மேலே இழுத்துக்கொள்ள, எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டவள் மாதிரி நான் பள்ளிக்கூடம் போவேன்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மா கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரஸ்ஸில் ‘கை ஜாக்கிரதை’ என்று ஒரு போர்டும் எழுதி மாட்டினார். அதில் சிவப்பாக ஒரு கை வரைந்திருந்தது. அது எங்கள் அம்மாவுடைய கை என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது. அப்பா அதே மெஷினுக்குத்தான் தினமும் வேலைக்குப் போனார். வந்தால் சமைப்பார், பாத்திரம் தேய்ப்பார், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார். எதைச் செய்தாலும் கண் தரையில்தான் இருக்கும். அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

அப்படியிருக்கும்போது ஒரு சாயங்காலம் அப்பா லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மாதனூரிலிருந்து தங்கையைப் பார்க்க வந்திருந்த மாமா சிரித்துவிட்டார்.

“இன்னா மாப்ள, லாரி வாங்கப் போறியா?”

“ரோலர் செய்யப் போறேன் மச்சான். காத்தடைச்ச ரோலர்.”

“காத்துல எப்படி அச்சு வுழும்?”

“வுழும். இரும்பு இருக்குது பாரு, அது எதுக்கும் வுட்டுக் குடுக்காது. அட்டை போனாலும் அழுத்தும், கை போனாலும் அழுத்தும். காத்து அப்படியில்ல. அட்டைய அழுத்தும், கை வந்தா உள்வாங்கி வுட்டுடும்.”

மாமா அதற்குமேல் சிரிக்கவில்லை.

டியூபை வெட்டி, பஞ்சர் கடையில் கொடுத்து ஒட்டி, நீளமான பையாக்கி ஓர் இரும்புக் குழாயின்மேல் மாட்டினார். சைக்கிள் பம்பால் காற்றடித்தார். ஆட்டுக்குட்டியை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி நடுவில் மட்டும் உப்பிக்கொண்டது. ஓரங்கள் அட்டையைத் தொடவே இல்லை. வயிற்றை அடக்குவதற்காகக் கித்தான் துணியைச் சுற்றிக் கட்டி இன்னும் காற்றடித்தார். அது வெடித்தது. தெருவே வெளியே வந்து எட்டிப் பார்த்தது. உள்ளே அம்மா அலறிய அலறலில் நான் விழுந்தடித்து ஓடினேன். அவள் மூலையில் குந்தி, கெட்டுப்போன கையை அக்குளில் ஒளித்துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசற்படிவரை வந்தார். உள்ளே வரவில்லை.

அத்தோடு விட்டுவிடுவார் என்று மாமா எதிர்பார்த்தார். கொஞ்ச நாள் அப்பாவும் சும்மாதான் இருந்தார். பிறகு பழைய அட்டைகளின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். ஒரே பையாக இருப்பதால்தான் காற்று நடுவுக்கு ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். கையில் வளையல் அடுக்குவதுபோலச் சிறிய டியூப்களைக் குழாயில் நெருக்கமாக அடுக்கினார். எல்லாவற்றிலும் காற்று ஒரே அளவாக நிற்க ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லிய குழாய் கொடுத்தார். தோல் தொழிற்சாலையில் வேலை செய்த தோஸ்த் ஒருவரிடம் கேட்டு, வழவழப்பான தோல் கொண்டுவந்து மொத்தத்துக்கும் சட்டைபோல இறுக்கித் தைத்தார். காற்றடித்து, மேலே நூல் பிடித்துப் பார்த்தார். எங்கும் உப்பல் இல்லை, பள்ளமும் இல்லை. அம்மாவுக்கு அடிபட்ட பிறகு அவர் முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்குப் பின்னால் மரச்சட்டம் அடித்து, அந்த ரோலரையும் எழுத்து ஒட்டிய பழைய ரோலர் ஒன்றையும் மாட்டி, கையால் சுற்றக் கைப்பிடி வைத்தார். அதில் அட்டையை விட்டுப் பார்ப்பார். அடுத்து முருங்கைக்காயை விட்டுப் பார்ப்பார். ஏன் முருங்கைக்காய் என்று நான் யோசித்ததில்லை. விரல் நீளத்துக்கு நறுக்கித்தான் விடுவார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுச் சாம்பாரில் முருங்கைக்காய் பாதி நசுங்கியேதான் வரும்.

காற்று கம்மியாக இருந்தால் காய் முழுசாக மறுபக்கம் வந்துவிடும். ஆனால் அட்டையில் எழுத்து தெரியாது. எழுத்து தெரிய வேண்டும் என்று காற்றை ஏற்றினால் காய் பிளந்துகொள்ளும். எனக்கே அது புரிந்துவிட்டது.

“ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கும் மச்சான்” என்றார் அப்பா.

“இல்லன்னா?”

“இருக்கும்.”

அம்மா பின்பக்கம் வந்ததே இல்லை. ஒருமுறை மட்டும் கொடியில் காய்ந்த என் யூனிஃபார்மை எடுக்க வந்தாள். இடது கையில் துணியோடு நின்று அந்த ரோலரைப் பார்த்தாள்.

“யாருக்கு இது?” என்றாள்.

“இனிமே யாருக்கும் அப்படி ஆவக் கூடாது இல்ல.”

“ஆனவளுக்கு?”

அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாளில், பிரஸ்ஸில் மாட்டிப் பார்க்க முதலாளி சம்மதித்தார். மாமாவும் வந்தார், நானும் ஒட்டிக்கொண்டேன். அம்மா வரமாட்டேன் என்றாள். அப்பா கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கடைசியில் அம்மா கையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். ஆனால் பிரஸ்ஸுக்குள் கால் வைக்கவில்லை. வாசல் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

கீழ் இரும்பு ரோலரைக் கழற்றிவிட்டுக் காற்று ரோலரை மாட்டினார்கள். மெஷின் ஓடியது. மாமா எட்ட நின்று, நீளமான குச்சியால் முதல் அட்டையை உள்ளே தள்ளினார். மறுபக்கம் வந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார் முதலாளி.

“பேரே தெரியலியே. இன்னும் கொஞ்சம் காத்து ஏத்துப்பா.”

மெஷினை நிறுத்தி ஏற்றினார்கள். ஓரளவு தெரிந்தது.

“இன்னும்.”

“மொதலாளி, இதுக்கு மேல ஏத்துனா கை தாங்காது” என்றார் அப்பா.

“கை எதுக்குப்பா உள்ள போவுது? அதான் போர்டு மாட்டியிருக்கோமே.”

அப்பா போர்டைப் பார்த்தார். பிறகு குனிந்து பம்பைப் பிடித்து அவரே காற்றடித்தார். மெஷின் மறுபடியும் ஓட, அடுத்த அட்டை வந்தது. எழுத்துகள் கறுப்பாக, ஓரம் கலங்காமல், கம்பெனிப் பேரும் ஷூ படமும் பளிச்சென்று விழுந்திருந்தன. முதலாளி அட்டையைத் திருப்பி ஓரத்தை அழுத்திப் பார்த்தார். இரும்பு ரோலரில் ஓட்டினால் அட்டைக்கு நடுவே இருக்கும் தாள் நெளிகள் நசுங்கிப்போய், பெட்டிகளை அடுக்கினால் கீழ்ப்பெட்டி உட்கார்ந்துவிடும். இதில் ஒரு நெளிகூட நசுங்கவில்லை.

“அடேங்கப்பா! நசுங்கவே இல்ல பாருப்பா! இதத்தான்யா இத்தினி நாளா தேடிட்டு இருந்தேன்.” அப்பாவின் முதுகில் தட்டினார். “இதே காத்துல வெச்சுக்கோ. எறக்காத.”

நான் குதித்தேன். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பம்பைச் சுவரோரம் வைத்தார். மெஷினைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அது அம்மா வழக்கமாக நிற்கும் இடம். வலது கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டார். அவர் வாசல் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“மாப்ள, காத்த எறக்கு!” என்று மாமா கத்தினார். “மொதல்ல காத்த எறக்குய்யா!”

அப்பா கையைத் தட்டையாக விரித்து, அட்டையை வைப்பதுபோல வைத்தார். அது உள்ளே போனது.

மாமா பாய்ந்துபோய் மெஷினை நிறுத்துவதற்குள் ரோலர் முழங்கைக்குப் பக்கம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் டியூப் ஒன்று வெடித்தது. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்ததால் மொத்தக் காற்றும் ஸ்ஸென்று இறங்க, ரோலர் துவண்டது. கை வெளியே வந்தது. புறங்கையில் கம்பெனிப் பேரும் பாதி ஷூ படமும் அழகாக விழுந்திருந்தன. நான் கைதட்டினேன். அப்பா சொன்னபடியே அது கையை விட்டுவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல்கள் வீங்கிக்கொண்டே வந்தன. வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்தாள். மெஷினைத் தாண்டி வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து, அவருடைய கையைத் தன் இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்ப சரியாப் போச்சா?” என்று கேட்டாள்.

அப்பாவுக்காக நான் பதில் சொன்னேன்.

“சரியாப் போச்சும்மா! அச்சு சூப்பரா வுழுது!”

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

அந்த ரோலர் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி அதை வெளியூரில் ஒரு ரப்பர் கம்பெனிக்கு எடுத்துப்போய், அதே மாதிரி ஒன்றைக் கெட்டியாகச் செய்து வரவழைத்தார். காற்றடைத்ததுதான். தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். கை ஆறியதும் அப்பா அதில்தான் வேலை செய்தார், பிரஸ் இருந்த வரைக்கும். காலையில் போனதும் அவருடைய முதல் வேலை, இரவில் இறங்கிய காற்றை மறுபடியும் ஏற்றுவது. பெட்டிகள் நசுங்காமல் வந்துகொண்டிருந்தன. அப்பா வேறெதையும் செய்து பார்க்கவில்லை. பின்பக்கத்து மரச்சட்டத்தை அம்மா ஒருநாள் அடுப்புக்கு மிதித்து ஒடித்துப்போட்டாள். அவர் அதைப்பற்றிக் கேட்கவும் இல்லை.

ஆனால் எனக்கு நன்றாக ஞாபகமிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை இரவுதான். டாக்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியிருந்தோம். இரண்டு விரல்களில் எலும்பு முறிந்திருந்தது. மாமா ஓட்டலிலிருந்து சாம்பார் சாதம் வாங்கிக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிப் போனார். அம்மாவுக்கு இடது கையால் சாப்பிட வராது, அதுவரை அப்பாதான் ஊட்டிக்கொண்டிருந்தார். இப்போது அப்பாவின் கையும் கட்டுக்குள் இருந்தது. பொட்டலம் பிரித்தபடியே கிடந்தது.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சாதத்தைப் பிசைந்து உருட்டி அம்மாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன், அப்பாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன். இருவரும் குழந்தைகள் மாதிரி வாயைத் திறந்தார்கள். எனக்கு ஒரே குஷி. நான் அம்மாவாகிவிட்டேன், இவர்கள் இருவரும் என் பிள்ளைகள். இப்படியே தினமும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஊட்டினேன்.

பாதி சாப்பாட்டில் அப்பா மெல்லுவதை நிறுத்தினார். வாயில் சோற்றோடு அவர் தோள் குலுங்கியது. அம்மா கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

ஓட்டல் சாம்பாரில் காரம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் எடுத்து வர நான் உள்ளே ஓடினேன்.