சாம்பிள் கொண்டுபோகாமல் வாங்கிய நட்டு

கண்ணுகளா, பழனிக்குப் போன அன்று உடுமலைப்பேட்டை தாண்டி நம் வண்டி நின்றதே, பஞ்சர் என்று சொன்னேன். அது பொய்.

கட்டிலும் அடுப்பும் வைத்த நம் பழைய வேனின் பின்சக்கர நட்டுகள் துருப்பிடித்திருந்தன. புதியது வாங்கப் போனேன். "பழசுல ஒண்ணு சாம்பிளுக்குக் கொண்டாந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"அளவு எனக்குத் தெரியுமுங்க" என்றேன். வாங்கி வந்து நானே மாட்டி, பழசை டூல் பாக்ஸில் போட்டேன்.

பழனி வழியில் தேங்காய் லாரிக்காரர் ஒருவர் நம்மை முந்திவந்து நிறுத்தினார். "ஏனுங்க, பின்சக்கரம் அந்த ஆட்டம் ஆடுது! முருகன் பாட்டுச் சத்தத்துல என்ற லாரி ஹாரன் கேக்கலீங்களா?"

இறங்கிப் பார்த்தேன். இரண்டு நட்டுகளைக் காணோம். மீதியை அவர் வெறுங்கையாலேயே கழற்றினார். சக்கரத்தின் துளை விளிம்பு உள்நோக்கிச் சரிவாக இருந்தது. அதில் பொருந்த நட்டின் முனை கூம்பாக இருக்கவேண்டும். நான் வாங்கியது தட்டை.

"மரை ஏறுனாப் போதுமாங்க? குழியில உக்கார வேண்டாமா? உள்ள யாருங்க?"

"குழந்தைங்க. தூங்குறாங்க."

அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. டூல் பாக்ஸில் கிடந்த பழைய நட்டுகளைத் தானே மாட்டி முறுக்கிவிட்டு, "மெதுவாப் போங்க சாமி" என்று கிளம்பினார்.

பனியன் கம்பெனி செக்கிங்கில் ஒரு பட்டனுக்குக்கூட சாம்பிள் கேட்கிறவன் நான். உங்களை ஏற்றிப்போகும் சக்கரத்துக்கு அதைச் செய்யவில்லை.

திரும்பி வந்ததும் தனியாக வேனில் உட்கார்ந்து, ஒரு தட்டை நட்டில் கம்பெனியில் குறையுள்ள துணிக்குக் கட்டும் ரிஜெக்ட் அட்டையைக் கட்டினேன். தைத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, ஸ்டீயரிங் பக்கத்தில் தொங்கவிட்டேன்.