தொடாம விட்ட சிரிச்ச மூஞ்சி

நினைச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது. போடியில நான் மூணாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். போன வருசம் மேலேருந்து ஒரு ஃபார்ம் அனுப்புனாக. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடத்துல எம்புட்டு ஆர்வம்னு அளக்கணுமாம். காய்ச்சலா அது, கக்கத்துல தெர்மாமீட்டர் வச்சுப் பார்க்க?

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல மூணு மூஞ்சி. ஒண்ணு சிரிக்குது, ஒண்ணு உம்முன்னு இருக்கு, ஒண்ணு அழுகுது. "பார்த்துப் பென்சில்ல குறி போடுங்க"ன்னு சொல்லிட்டு நான் வருகைப் பதிவேட்டை எழுத உட்கார்ந்துட்டேன். இதை வச்சுத்தான் சாயங்கால இங்கிலீஷ் பேச்சு வகுப்புக்குப் பிள்ளைகளை எடுப்பாகன்னு தெரிஞ்சும், ஒண்ணைக்கூடப் படிக்காம போன்ல படம் பிடிச்சு அனுப்பிட்டேன்.

பட்டியல் வந்துச்சு. அதுல ஒரு புள்ள பேரு இல்ல. என் வகுப்புல வாய் ஓயாம இங்கிலீஷ் பேசுறவ அவ ஒருத்திதான். தப்புந்தவறுமாத்தான் பேசுவா, ஆனா நிறுத்த மாட்டா. குழாயடியில நாய்க்குட்டிகிட்டயும் இங்கிலீஷ்தான். அவளுக்குப் போய் "ஆர்வம் இல்லை"ன்னு போட்டிருக்காக!

பீரோவுல கிடந்த அவ தாளை எடுத்துப் பார்த்தேன். கேள்விக்குக் கேள்வி உம்முனாமூஞ்சி மேலயும் அழுமூஞ்சி மேலயும் குறி. சிரிக்கிற மூஞ்சி மேல ஒரு கீறல்கூட இல்ல. "ஏ புள்ள, என்னடி இது?"ன்னு கேட்டேன்.

"வேண்டாததைப் பொறுக்கிட்டேன் டீச்சர். நல்லது அங்கனயே கிடக்குல்ல?"

அவ அம்மாவுக்கு ஏலக்காய்க் கடையில தரம் பிரிக்கிற வேலை. தட்டுல கொட்டுன காயில கருத்ததையும் வெடிச்சதையும் மட்டுந்தான் பொறுக்கி எடுப்பாக, நல்ல காயைத் தொட மாட்டாக. லீவு நாள்ல இவளும் கூட உட்கார்ந்து பொறுக்குவா. ஊரே அந்த வாசத்துல கிடக்கு, எனக்கு அது தோணலையே! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

எச்.எம். சார்கிட்ட ஓடுனேன். "லிஸ்ட் மேலேயே முடிவாகி வந்துருச்சும்மா, இனி மாத்த முடியாது"ன்னு சொன்னாக.

"மூஞ்சிப் படத்தை விட்டுட்டு அந்தப் புள்ளையைப் பேசச் சொல்லிக் கேளுங்க சார்!"னு கத்திட்டேன்.

"அதுக்கு ஃபார்ம்ல இடம் இல்லம்மா"ன்னாக. அடக் கொடுமையே!

சாயங்காலம் மத்த பிள்ளைக பேச்சு வகுப்புக்குப் போயிட்டாக. அவ மட்டும் பையை மாட்டிக்கிட்டு என் முன்னால வந்து நின்னா. கண்ணுல தண்ணி இல்ல, கோவந்தான் இருந்துச்சு.

"எனக்கு இங்கிலீஷ் பிடிக்காதுன்னு யாரு டீச்சர் சொன்னது?"

வேற யாரைக் கை காட்ட? "நான்தாண்டி"ன்னேன்.