புரட்டாசி விரதம் இருந்த டோஃபு

போன சனிக்கிழமை ஹேமா வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். எங்கள் நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் கொலுவுக்கும் டைம் ஸ்லாட் உண்டு, தெரியுமோ? ஒரு பாட்டைப் பாடி, சுண்டலை வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு பார்க்கிங்கைக் காலி செய்துவிட வேண்டும். அடுத்த பேட்ச் காரில் காத்துக்கொண்டிருக்கும்.

கொலு அமர்க்களம். கீழ்ப்படிக்கு முன்னால் பார்க். அதை ஒட்டி ஒரு கண்ணாடித் தொட்டி, மேலே லைட், உள்ளே ஓர் ஓணான் பொம்மை. தத்ரூபமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தேன். பொம்மை கண்ணைச் சிமிட்டியது!

"அது ஜூ அக்கா! ஐடியா எப்படி?" என்றாள் ஹேமா.

ஜூவின் ஒரே பிரஜை, ஹேமாவின் பெண் மீராவினுடையது. மீராவுக்குப் பன்னிரண்டு வயது. நாய் கேட்டாள், அபார்ட்மென்ட்டில் நாய் கூடாது. கடைசியில் வந்து சேர்ந்தது பியர்டட் டிராகன். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்... தாடி வைத்த ஓணான், அவ்வளவுதான். இன்னும் குட்டி. மீரா அதற்கு வைத்த பெயர் டோஃபு. உயிரோடு துள்ளுகிற பூச்சியைத் தின்னும் பிராணிக்குச் சைவப் பெயர்!

அதன் கிண்ணத்தைப் பார்த்தேன். கொண்டைக்கடலைச் சுண்டல். தேங்காய்த் துருவலோடு. பக்கத்தில் பசலைக்கீரை, நாலு துண்டு பனீர்.

"பூச்சி எங்கே ஹேமா?"

"புரட்டாசில பூச்சியா? நல்லா கேட்டீங்க போங்க! கொலு வேற வச்சிருக்கோம். மாசம் பொறந்ததுலேர்ந்து அவனுக்கும் சைவந்தான்."

அவள் கணவர் செந்தில் உதவிக்கு வந்தார். மருந்து கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட். சொந்த ஊர் நாமக்கல், முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன சீமை. மற்ற பதினோரு மாதமும் ஊர்ப் பெருமையைத் தட்டில் காப்பாற்றுகிறவர்.

"புரோட்டீன்தானுங்க்கா வேணும்? கடலைல இருக்கு, பனீர்ல இருக்கு. கால்சியத்துக்குக் கீரை. எக்ஸல்ல போட்டுப் பாத்துட்டேன். பக்கா பேலன்ஸ்டு டயட்!"

நமக்கு பேலன்ஸ்டு டயட் என்றால் என்ன? ஞாயிறு பிரியாணி, திங்கள் கீட்டோ, செவ்வாய் காலை ஆபீஸ் டோனட். ஆனால் அடுத்தவர் தட்டு என்று வந்துவிட்டால் மட்டும் நாம் எல்லோரும் டயட்டீஷியன்கள். அதுவும் அந்த அடுத்தவருக்குப் பேச வாய் இல்லையென்றால் — கேட்கவே வேண்டாம்.

மீரா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, லுக்... ஹீ இஸ் ஷேக்கிங்."

பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. தலையைத் தூக்க முயன்று, முடியாமல் மணலிலேயே வைத்துக்கொண்டது. நாலு நாளாக இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம் குழந்தை. "குளிரும்மா" என்று விட்டுவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. சுண்டல் கப்பைக் கீழே வைத்தேன்.

ஹேமாவால் நகர முடியாது, அடுத்த பேட்ச் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. செந்தில், மீரா, நான், அட்டைப்பெட்டிக்குள் டோஃபு... சனிக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு மிருக டாக்டரிடம் பறந்தோம்.

டாக்டர் ஒரு அமெரிக்கப் பெண்மணி. டோஃபுவின் தாடையை மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார்.

"சிக்பீஸ், ஸ்பினாச், பனீர்," என்றார் செந்தில், வாடிக்கையாளருக்கு டெமோ காட்டுகிற குரலில்.

"பூச்சி?"

"நாட் திஸ் மன்த். ரிலிஜியஸ் ரீசன்ஸ்."

டாக்டர் செந்திலைப் பார்த்தார். டோஃபுவைப் பார்த்தார். "யாருடைய ரிலிஜன்? இவனுடையதா?"

செந்தில் போனில் எக்ஸலைத் திறந்தார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வளர்கிற குட்டிக்குத் தினமும் பூச்சி வேண்டும், அதன் மேல் கால்சியம் பவுடர் தூவ வேண்டும். தினம் பசலைக்கீரை போட்டால் உள்ள கால்சியமும் உடம்பில் ஒட்டாது. பனீர் இதற்குச் செரிக்கவே செரிக்காது. எலும்பு இப்போதே இளக ஆரம்பித்திருக்கிறது. இப்படியே விட்டால் நடக்க முடியாமல் போகும்... அதற்கு மேலும் போகும். சொட்டு மருந்து கொடுத்து, இன்றைக்கே பூச்சி போடச் சொன்னார். மீரா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

காரில் ஏறியதும் செந்தில் மெல்ல ஆரம்பித்தார். "சொட்டு மருந்த வச்சு ஓட்டிரலாங்களாக்கா? இன்னுங் கொஞ்ச நாள்தானே... இன்னிக்கு சனிக்கிழமை வேற. பெருமாள் குத்தம் ஆயிரும்."

எனக்கு வந்த கோபத்துக்கு, நடுரோட்டில் இறங்கி நடந்திருப்பேன். நியூ ஜெர்சியில் நடைபாதை ஏது?

ஒரு திருப்பத்தில் அட்டைப்பெட்டி சறுக்கியது. அதற்கு முட்டுக்கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று மீரா முன் சீட்டுக்கு அடியில் துழாவினாள். கையில் வந்தது ஒரு பேப்பர் பை. கார் முழுக்க மணம். உள்ளே பாதி தின்ற சிக்கன் சாண்ட்விச்.

"அப்பா. வாட் இஸ் திஸ்?"

செந்தில் ரியர்வியூ கண்ணாடியைச் சரிசெய்தார்.

"அது வந்து... காலைல தேங்காய் வாங்கப் போனேன்ல..."

"டுடே இஸ் சாட்டர்டே, அப்பா."

"வீட்டுக்குள்ள நான் தொடறதே இல்ல சாமி! வீடு சுத்தமா இருக்கணும், அதானே முக்கியம்? கார் வேற, வீடு வேற."

மீரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஓகே. தென் டோஃபு ஆல்சோ வில் ஈட் இன் த கார்."

மேல்முறையீட்டுக்கு இடமே இல்லாத தீர்ப்பு. செந்தில் பெட் ஸ்டோருக்கு வண்டியைத் திருப்பினார்.

பார்க்கிங் லாட்டில், ஹீட்டரை முழுக்க வைத்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். வாங்கி வந்த பூச்சிக் கவரில் கால்சியம் பவுடரைப் போட்டுக் குலுக்கியதும், குட்டிக் குட்டிச் சில்வண்டுகள் திருநீறு பூசிக்கொண்டு தயாராக நின்றன. மீரா ஒன்றைப் பெட்டிக்குள் விட்டாள். டோஃபு பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

படக்கென்று நாக்கு நீண்டது. பூச்சியைக் காணோம்.

மீரா சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். செந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். கெட்ட மனுஷர் இல்லை அவர். பக்தியை மட்டும் ஓணானிடம் அவுட்சோர்ஸ் பண்ணிவிட்டார், அவ்வளவுதான்.

நேற்று எட்டிப் பார்க்கப் போனேன். நடுக்கம் குறைந்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது.

"சுண்டல விடாம வச்சேன்லக்கா, அதான் தேறிட்டான்!" என்றாள் ஹேமா பெருமையாக. "அப்புறம் டாக்டர் வெயில் காட்டச் சொன்னாங்களாம். அப்பாவும் பொண்ணும் தினம் கார்ல வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டு வராங்க."

செந்தில் கொலுவில் நேராக இருந்த பொம்மையை இன்னும் நேராக வைத்தார். மீராவுக்குத் திடீரென்று ஹோம்வொர்க் ஞாபகம் வந்தது. டோஃபு, தொடாத சுண்டல் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒன்றும் தெரியாத சாது போல் கண்ணை மூடிக்கொண்டது.

வெளியே ஒரு கட்டு கட்டிவிட்டு வந்து, வீட்டுக்குள் விரத முகம் காட்டப் பழகிவிட்டதே — இனி அது ஓணான் இல்லை, நம்ம வீட்டுப் பிள்ளை!