திரும்பி நின்ற தூரிகைப் பெட்டி

எதையாவது கையில் கொடுத்தால் அதற்கொரு பெட்டி செய்யாமல் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. அட்டைப்பெட்டி கம்பெனியில் மாதிரி செய்கிற வேலை. கண்ணாடி விளக்கோ, பல் டாக்டரின் கருவியோ, எது வந்தாலும் உருட்டிப் புரட்டிப் பார்ப்பார், அளப்பார், வெள்ளை அட்டையை வெட்டி மடித்து அதற்கு ஒரு வீடு கட்டிவிடுவார். உள்ளே வைத்துக் குலுக்கினால் ஒரு சத்தம் வரக்கூடாது. கம்பெனியில் அவர் பெயரே 'பெட்டி'தான். முதலாளியே "பெட்டி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். அதில் இவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த வீட்டில் ஒரு அறை பிடிபடவில்லை.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அவள் அறை காலியானது. மனைவிக்கு ஆஸ்பத்திரி முகப்பில் நோயாளிகளின் பெயர் எழுதும் உத்தியோகம். ஒருநாள் வண்ணங்களும் தூரிகைகளுமாக வாங்கிவந்து அந்த அறையில் குடியேறிவிட்டாள். வேலை முடிந்து வந்து டீ குடித்த கையோடு உள்ளே போவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். முடித்த படத்தைக் காட்டுவாள். நன்றாகவே இருக்கும். ஆனால் வரையும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை வெளியே நிறுத்திச் சாத்திய முதல் கதவு அது. அவருக்கு வலித்தது. அதைவிட, உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது என்று மண்டை காய்ந்தது.

நேரே கேட்டுத் தொலைத்திருக்கலாம். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? மனிதர் கேட்கவில்லை. பெட்டி செய்யப் போனார்.

அவள் இல்லாத ஒரு விடுமுறை நாளில் டேப்பும் கையுமாக உள்ளே நுழைந்தார். மேஜை மேஜையாகவா இருந்தது! கைப்பிடி உடைந்த கோப்பையில் தூரிகைகள், ஜாம் பாட்டிலில் பென்சில்கள், பிஸ்கட் டப்பாவில் நசுங்கிய வண்ணக் குழாய்கள். ஒன்று விடாமல் அளந்தார். தூரிகைகளைக் குட்டை, நெட்டை என்று பிரித்தார். பென்சில் சீவச் சீவக் குறையுமே, குறைந்தது குழிக்குள் முங்கிப்போகுமே என்று அதற்கும் யோசித்து, அடியில் சாய்வு வைத்தார். கெட்டி அட்டை, பசை, மேலே ஈரம் தாங்கும் தாள். நெட்டையெல்லாம் வலது ஓரத்தில் சுவர்போல நிற்க, இடப்பக்கம் படிப்படியாகத் தாழ்ந்துவரும். முன்னால் ரப்பருக்கு ஒரு குட்டி இழுப்பறை. மேஜையின் வலது மூலையில் வைத்தால் எல்லாம் கைக்கு வந்து விழும். இதைப் பார்த்த சந்தோஷத்திலாவது நம்மை உள்ளே கூப்பிட மாட்டாளா என்பது கணக்கு.

அவள் பார்த்தாள், தடவினாள், கண்கூடக் கலங்கியது. பிறகு பெட்டியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் கிளம்பிய பிறகு எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டி இடது மூலையில் இருந்தது. அதுவும் முன்பின்னாகத் திரும்பி, இழுப்பறை சுவரைப் பார்த்துக்கொண்டு! பாவம், வைக்கத் தெரியவில்லை என்று எடுத்துச் சரியாக வைத்தார். அடுத்த நாள் மறுபடியும் இடது மூலை. இவர் திருப்ப, அவள் திருப்ப, வாய் திறக்காமலே வீட்டில் ஒரு யுத்தம் நடந்தது. பெட்டி பிடிக்கவில்லை போலும், மனசு நோகக் கூடாதென்று சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்து மனிதர் முகம் தொங்கிப்போய்த் திரிந்தார்.

ஆனாலும் தொழில்புத்தி விடுமா? பெட்டியில் தப்பென்றால் எங்கே தப்பு என்று குடைந்தார். ஒரு மாலை அவள் அறையிலிருந்து வந்து தண்ணீர் குடித்தாள். டம்ளரைப் பிடித்திருந்த இடது கையின் ஓரத்தில், சுண்டுவிரல் தொடங்கி மணிக்கட்டு வரை பென்சில் கரி. அந்தக் கறையை அவர் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். அன்றுதான் உறைத்தது. பொருள் ஒன்று விடாமல் அளந்தவர், எடுக்கிற கையை விட்டுவிட்டார்!

"எந்தக் கையால வரையிற?"

அவள் டம்ளரை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி.

"எழுதுறது வலது கையாலதான், உங்களுக்கே தெரியும். சின்ன வயசுல இதைத் துணியால நாற்காலியோட கட்டிப் போட்டுட்டுத்தான் அம்மா எழுதப் பழக்கினாங்க. ஆனா படம் இதுக்குத்தாங்க வருது. யாராவது பார்த்தா உடனே நடுங்குது. அதான் கதவைச் சாத்திக்கிறேன்."

அவர் யார்மேல் கோபப்படுவது? செத்துப்போன மாமியார்மேலா? போய் டேப்பை எடுத்துவந்தார்.

"கையைக் காட்டு. எதுவரைக்கும் எட்டுதுன்னு பார்த்தாத்தான் செய்ய முடியும்."

அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் நிலைப்படியிலேயே நின்றார். வாங்க என்றாள். போனார். இடது கையை நீட்டினாள். தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்தார். அவள் விரல்கள் நடுங்கின. எண்ணைச் சொல்லாமல், டேப்பையும் எடுக்காமல் அந்தக் கையைப் பிடித்தபடியே நின்றார்.

கொஞ்ச நேரம் பொறுத்து அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஒரு பென்சிலை எடுத்தாள்.

"நகராதீங்க," என்றாள், தாளைப் பார்த்தபடி. "மூக்கைத்தான் முதல்ல போடப் போறேன்."